செப்பேடு முதல் செக்ரோல் வரை

மலேசியாவின் கெடா மாநிலத் தமிழர்களின் வரலாற்றுக்கு மூலநூல் என்று ஒன்று கிடையாது. இருப்பவை எல்லாம் கணக்கும் பத்திரமும்தான். நிலம் கொடுத்த சாசனம், வரி நீக்கிய ஆணை, கங்காணிக்கு ஆள் எடுக்கக் கொடுத்த உரிமம், தோட்டத்து வருகைப் பேரேடு, செட்டியார் கடை ஏடு, பிறப்புப் பத்திரம், கூட்டுறவுப் பங்குச் சீட்டு. இவற்றை எழுதியவர்களில் எவரும் வரலாறு எழுத உட்காரவில்லை. எல்லை, வரி, கூலி, கடன் என்று அன்றன்றைய தேவைக்கு எழுதினார்கள். சுங்கை பட்டாணியை நடுவில் வைத்து, மேற்கே மெர்போக், அதற்கு முன்னால் பீடோங், தெற்கே லூனாஸ், வடக்கே அலோர் ஸ்டார் என்று ஒரு சுற்று வந்தால், ஆயிரம் ஆண்டு இடைவெளி கொண்ட இரண்டு ஆவணக் குவியல்கள் ஒரே மண்ணைப் பற்றிப் பேசுவது தெரியும்.

இத்தகைய தாள்களிலிருந்து ஒரு சமூகத்தின் வாழ்வை எடுத்தெழுதும் முறை ஐரோப்பாவில் நன்கு வேரூன்றியது. இடைக்காலத்தில் மத்தியதரைக்கடல் ஊர்களில் நோட்டரி எனப்பட்ட பத்திர எழுத்தர்கள் கடன், விற்பனை, சீதனம், உயில், கூட்டு வாணிபம் எல்லாவற்றையும் லத்தீனில் எழுதிப் பதிவேட்டில் ஏற்றினார்கள். தப்பிப் பிழைத்த பதிவேடுகளுள் மிகப் பழையது ஜெனோவாவின் ஜியோவான்னி ஸ்கிரிபா என்பவருடையது; 1154 முதல் 1164 வரையிலான பத்திரங்கள் அதில் உள்ளன. ரிச்சர்ட் எமரி என்ற வரலாற்றாசிரியர் பெர்ப்பிஞான் நகரத்து நோட்டரிப் பதிவேடுகளை மட்டும் அடிப்படையாக வைத்து, 13ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த யூதர்களைப் பற்றி 1959இல் ஒரு நூல் வெளியிட்டார். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார், எந்த மாதத்தில், எத்தனை நாள் தவணைக்கு என்று பத்திரம் பத்திரமாக அவர் எண்ணினார். கடன் வாங்கியவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்தார் என்பது அந்த எண்ணிக்கையில் வெளிப்பட்டது.

அந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு. நோட்டரிகள் கிறிஸ்தவர்கள். யூதர் கிறிஸ்தவருக்குக் கொடுத்த கடன் அவர்கள் பதிவேட்டில் ஏறியது. யூதர் தமக்குள் எபிரேயத்தில் எழுதிக்கொண்டவற்றில் பெரும்பகுதி அழிந்துபோனது. எனவே பதிவேட்டை மட்டும் படிப்பவருக்கு அந்தச் சமூகம் முழுக்க முழுக்க வட்டிக்கடைக்காரர்களாகவே தெரியும். ஆவணம் பொய் சொல்லவில்லை; எழுத்தரின் மேசைக்கு வந்ததை மட்டும் சொல்கிறது. கெடாவில் ஆவணங்களைத் தேடிச் செல்பவருக்கு இந்த எச்சரிக்கை ஒவ்வொரு ஊரிலும் பயன்படும்.

சுங்கை பட்டாணி

பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே செல்லும் மின்ரயில் சுங்கை பட்டாணியில் நிற்கும். ரப்பர் வளர்த்த ஊர் இது. 1909இல் சயாமுடன் செய்த உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குள் வந்தது. அதன்பின் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களுக்குச் சந்தையாகவும் சம்பளநாள் கடைத்தெருவாகவும் இந்த ஊர் வளர்ந்தது. நகர நடுவில் நிற்கும் மணிக்கூண்டு 1936ஆம் ஆண்டுக்கு உரியது. தைப்பூசத்துக்குச் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து காவடிகள் திரளும் சுப்பிரமணிய தேவஸ்தானமும் இங்கேதான்.

வடமேற்கில் எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் ஜெராய் மலை தெரிகிறது. உயரம் 1,217 மீட்டர். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்குக் கரை நெருங்குவதைச் சொல்லிய மலை இதுதான். அதன் தெற்கு அடிவாரத்தில் மெர்போக் ஆறு கடலில் கலக்கும் பகுதியே பூஜாங் பள்ளத்தாக்கு. தமிழ்ச் சாசனங்கள் கடாரம், கிடாரம் என்று எழுதிய நாட்டின் துறைமுகம் இந்த ஆற்றங்கரைகளில் இருந்தது.

மெர்போக்: பெயர் இல்லாத கற்கள்

பீடோங்கிலிருந்து மேற்கே திரும்பும் சாலை செமிலிங்கைத் தாண்டி மெர்போக்குக்குப் போகிறது. இருபுறமும் செம்பனை. இடையிடையே எஞ்சிய ரப்பர் மரங்கள். வழியில் சுங்கை பத்து என்ற இடத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்கள் 2009 முதல் அகழ்ந்துவருகிறார்கள். இரும்பு உருக்கிய உலைகள், துருத்தியின் களிமண் குழாய்கள், படகுத்துறை மேடைகள், செங்கல்லால் கட்டிய வட்டமான சடங்கு மேடை ஆகியவை வெளிப்பட்டன. அந்த மேடையின் காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று கணித்திருக்கிறார்கள். கால்வைக்கும் இடமெல்லாம் உடைந்த துருத்திக் குழாய்த் துண்டுகள்.

பள்ளத்தாக்கை முறையாக முதலில் ஆராய்ந்தவர் குவாரிட்ச் வேல்ஸ். 1936–37இல் அவரும் அவர் மனைவி டோரதியும் இடிபாடுகளைத் தேடிக் கண்டு ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். அந்த எண்களே இன்றும் வழக்கில் உள்ளன. 8ஆம் எண், மெர்போக் அருங்காட்சியக வளாகத்தில் ஓடைக்கரையில் நிற்கும் புக்கிட் பத்து பகாட் கோயில். கருங்கல் அடித்தளத்தின் மேல் கருவறை, அதன் முன் மண்டபம். மண்டபத்தில் தூண் நின்ற கல் பீடங்கள் வரிசையாக உள்ளன. மேலே இருந்த மரக்கூரை மட்கிப்போய்விட்டது. 1959–60இல் அதைச் சீரமைத்தபோது கல்பெட்டிகள் அடித்தளத்துக்குள் கிடைத்தன. கோயில் எடுப்பதற்கு முன் மண்ணில் வைக்கும் பொன், வெள்ளி, மணிகள் அவற்றுக்குள் இருந்தன. தமிழ்நாட்டில் கர்ப்பநியாசம் என்று சொல்லும் சடங்கு இது.

சடங்கு தெரிகிறது, செய்தவர் பெயர் தெரியவில்லை. யார் பொன் கொடுத்தார், யார் கல் செதுக்கினார், எந்த ஊரார் வழிபட்டார் என்று சொல்லும் எழுத்து அங்கே இல்லை. வட்டாரத்தில் கிடைத்த பழைய கல்வெட்டுகளும் பெரும்பாலும் சமஸ்கிருதத்தில் அமைந்த பௌத்த வாசகங்கள். அவற்றுள் ஒன்றில் மட்டும் ஒரு மனிதர் இருக்கிறார். ஜேம்ஸ் லோ என்ற ஆங்கில அதிகாரி 1834இல் செபராங் பிறையில் கண்ட அந்தக் கல்லில், இரக்தமிருத்திகை என்ற ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற மாநாவிகன், அதாவது பெருங்கப்பல் தலைவன், பயணம் நல்லபடி முடிய வேண்டிக்கொள்கிறான். காலம் ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டு. கல் இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கெடாவின் சொந்தக் கதைநூலான 'ஹிக்காயத் மெரோங் மகாவம்ச'வைத் திறந்தால் கருடன் கப்பலைத் தாக்குகிறான், கோரைப்பல் முளைத்த அரசன் ஒருவன் வருகிறான். வியாபாரியும் கொல்லனும் வரவில்லை. அவர்களைத் தேடுபவர் கடலைத் தாண்டி நாகப்பட்டினத்துப் பத்திரத்தைத்தான் படிக்க வேண்டும்.

ஆனைமங்கலத்துப் பத்திரம்

அந்தப் பத்திரம் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தின் வசம் போய்ச் சேர்ந்தது. நாகப்பட்டினம் டச்சுக்காரர் கையில் இருந்த காலத்தில் கடல் கடந்து போனது. 21 செப்பேடுகளை ஒரு வளையத்தில் கோத்து, முத்திரை வைத்திருக்கிறார்கள். 5 ஏடுகள் சமஸ்கிருதம், 16 ஏடுகள் தமிழ். கடாரத்து அரசன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எடுத்தான். அதற்கு முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005–06இல், ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது விகாரத்துக்கான நிலக்கொடையாகக் கொடுத்தான். செய்தி இவ்வளவுதான். சமஸ்கிருத ஏடுகள் பெரும்பாலும் அரச குலப் புகழ் பாடுகின்றன. வேலை நடப்பது தமிழ் ஏடுகளில்.

தஞ்சாவூருக்கு வெளியே மாளிகையில் இருந்தபோது அரசன் வாயால் சொன்னான். அதை ஓலை எழுதுபவர் எழுதினார். மேலதிகாரிகள் ஒப்பிட்டுச் சரிபார்த்தனர். வரிக் கணக்கில் ஏற்றினர். பிறகு ஊருக்கு ஆணை போனது. அதிகாரிகளும் நாட்டாரும் கூடி, ஒரு பெண் யானையை எல்லை நெடுகச் சுற்றிவரச் செய்தனர். யானை நடந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டனர். எந்த வாய்க்காலுக்குக் கிழக்கு, எந்த ஊர் நிலத்துக்கு வடக்கு என்று நான்கு எல்லையும் சொல்லி அறவோலை எழுதினர். அக்கம்பக்கத்து ஊர்ச் சபைகளின் சார்பில் ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்திட்டனர். ஏட்டில் வரிசை வரிசையாக ஊர்ப் பெயர், ஆள் பெயர், எழுத்து என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அந்த ஊரிலிருந்து வரவேண்டிய நெல், ஏறக்குறைய 8,900 கலம், நாழிக் கணக்கு வரை குறித்திருக்கிறது.

இவ்வளவு நுணுக்கம் ஏன் என்பது எளிய கேள்வி. எல்லை பிசகினால் பக்கத்து ஊரின் வரிப்பொறுப்பு பிசகும். கையெழுத்திட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் அதில் சொந்த நலன் இருந்தது. பொருள் சம்பந்தப்பட்ட இடத்தில் எழுத்து துல்லியமாகிறது. ஆனைமங்கலத்து உழவர்களின் ஊர் இன்றும் தடம் காட்டுவது அதனால்தான்.

ராஜராஜன் சொன்னதைச் செம்பில் வெட்டுவித்தவன் அவன் மகன் ராஜேந்திரன். அதே ராஜேந்திரன்தான் 1025இல் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தைத் தாக்கினான். தஞ்சைக் கோயில் கல்வெட்டு அந்தப் படையெடுப்பில் விழுந்த ஊர்களையும் சிறைபிடிபட்ட அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனையும் பெயர் சொல்கிறது. போருக்குப் பிறகும் பத்திர உறவு அறுந்துபோகவில்லை. ஏறக்குறைய 1090இல் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் கடாரத்துத் தூதர்கள் இருவர் வந்து விண்ணப்பிக்க, விகாரத்தின் ஊர்களுக்கு வரி நீக்கி இன்னொரு ஆணை பிறந்தது. தூதர்கள் பெயர் ராஜவித்யாதர சாமந்தன், அபிமானோத்துங்க சாமந்தன். மூன்றே ஏடுகள் கொண்ட இதுவும் லெய்டனுக்கே போய்ச் சேர்ந்தது. கல்வெட்டில் அரசன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியை மட்டும் படித்தால் கடாரம் தோற்ற நாடு. பத்திரத்தையும் சேர்த்துப் படித்தால் நாகப்பட்டினத்தில் நிலம் வைத்திருந்த நாடு.

தமிழ் வணிகர் அக்கரையில் எழுதிவைத்தவை கெடாவைச் சுற்றிக் கிடக்கின்றன. தென் தாய்லாந்தின் தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவாரின் காவலில் வைக்கிறது. சுமத்ராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவார் எடுத்த தீர்மானத்தைப் பதிகிறது. மரக்கலத் தலைவர்கள் கஸ்தூரி விலைக்கணக்கில் பொன் செலுத்திவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது அதன் சாரம். சீனத்துச் சூவான்சௌவில் 1281இல் தமிழும் சீனமுமாக ஒரு கல்வெட்டு, சிவன் கோயில் நிறுவியதைச் சொல்கிறது. குளம், கட்டணம், கோயில் என மூன்றுமே உரிமைப் பத்திரங்கள்தான்.

மெர்போக்கிலிருந்து திரும்பும் வழியில் காணக் கிடைக்காத ஒன்றும் உண்டு. வேல்ஸ் 11 என்று எண்ணிட்ட இடிபாடு 2013இல் வீடமைப்புக்காக நிலத்தைத் திருத்தியபோது இடிந்தது. நிலம் தனியாருடையது, பாதுகாக்கப்பட்ட சின்னமாக அரசிதழில் அது அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. பல நூற்றாண்டுகள் நின்ற செங்கல்லுக்கு ஒரு தாள் இல்லாமல் போயிற்று. சர்ச்சை எழுந்த பிறகே மற்ற இடங்களைப் பதிவு செய்யும் பேச்சு சூடுபிடித்தது.

பீடோங்: பெரட்டும் பேரேடும்

வேல்ஸ் எண்ணிட்ட இடிபாடுகளில் சில ரப்பர் தோட்டத்துக்குள் இருந்தன. சோழர் காலக் கடாரமும் கங்காணி காலக் கெடாவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. துறைமுகமும் மாறவில்லை. சென்னைப் பக்கத்து ஆவடியைப் போலவே நாகப்பட்டினத்திலும் ஆட்களைச் சேர்த்துவைத்துக் கப்பலேற்றும் முகாம் இருந்தது. 1926இல் கட்டிய ரஜூலா உள்ளிட்ட கப்பல்கள் அங்கே தொட்டுப் பினாங்குக்கு வந்தன. வந்தவர்களில் பலர் ஜெரஜாக் தீவில் நோய்த்தடை முகாமைக் கடந்தே தோட்டம் சேர்ந்தார்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தாள் பிறந்தது. தோட்டத் துரை, ஊருக்குப் போய் ஆள் கொண்டுவரத் தன் ஆட்களின் மேற்பார்வையாளரான கங்காணிக்கு உரிமம் எழுதினார். தொழிலாளர் இலாகா அதில் முத்திரை வைத்தது. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடியகல்வுச் சட்டத்துக்குப் பிறகு கிராம முன்சீப்பின் சம்மதமும் தேவைப்பட்டது. முகாமில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, கிராமம், தாலுகா என்று எழுதினார்கள். 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி கப்பற்செலவைச் சுமந்ததால், தலைக்கு எவ்வளவு என்ற கணக்கு அங்கும் எழுந்தது. 1938இல் இந்திய அரசு இந்த உதவிக் குடியேற்றத்தை நிறுத்திய பிறகு அந்தத் தாள்களும் நின்றன.

தோட்டத்துக்குள் எல்லாவற்றுக்கும் அடிப்படை செக்ரோல். பொழுது விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையில் நிற்க, எழுத்தரான கிராணி பெயர் கூப்பிட்டுப் புள்ளி வைக்கும் பேரேடு அது. அகலமான பக்கம். இடப்பக்கம் எண், பெயர். அதன்பின் ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை கட்டங்கள். முழுநாள், அரைநாள், வராத நாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. வலப்பக்கம் மொத்த நாள், கூலி, முன்பணம், அரிசிக்குப் பிடித்தம், கையில் வந்தது. ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்தால் லயம் எனப்பட்ட வரிசை வீடுகளின் குடும்பங்கள் தெரியும். இடமிருந்து வலமாகப் படித்தால் ஒரு பெண் எந்த வாரம் வேலைக்கு வரவில்லை, எப்போது மீண்டும் வெட்டுக்காட்டுக்குப் போனாள் என்பது தெரியும். காரணம் மட்டும் எழுதியிருக்காது. மழையா, காய்ச்சலா, பிரசவமா, பிணக்கா என்று கட்டம் சொல்லாது.

இந்தப் பேரேட்டின் துல்லியத்துக்கும் ஆனைமங்கலத்துக் காரணமே காரணம். தன் ஆட்கள் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனைக்குக் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஒரு புள்ளி விட்டுப்போனால் அவர் வருமானம் குறையும். ஆள் பெயரைக் கவனமாக எழுதவைத்தது அந்தக் காசு. எழுதும் கைதான் வேறு. கிராணிகளில் பலர் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தாரும். எழுத்து ஆங்கிலம். ஒரே முனியாண்டி மூன்று விதமாக எழுத்துக் கூட்டப்பட்டு மூன்று மனிதர் ஆவதுண்டு. ஊர்ப் பெயரும் குலதெய்வமும் அந்தக் கட்டங்களில் இடம் பெறவில்லை. லயக்கோடியில் மரத்தடியில் சூலம் நட்டு எழுப்பிய கோயிலைப் பற்றிச் செக்ரோலில் ஒரு வரியும் இராது. லத்தீன் பதிவேட்டுக்கு வெளியே நின்ற எபிரேய ஏடுகளின் இடத்தில் இங்கே வாய்மொழியும் திருவிழா வரவுசெலவுச் சிட்டையும் இருக்கின்றன.

பீடோங்கின் பெயர் காவல்துறை, நீதிமன்றப் பதிவுகளில் ஏறியது 1947இல். போர் முடிந்த கையோடு பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை உருவானது. கள்ளுக்கடையை எதிர்த்தார்கள், கூலி உயர்வு கேட்டார்கள், வரிசையில் அணிவகுத்தார்கள். அந்த ஆண்டில் கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டத்தில் காவலர் சுட்டதில் ஒரு தொழிலாளி இறந்தார். மார்ச் முதல் வாரத்தில் பீடோங்கில் மோதல் நடந்தது. பலர் சிறை சென்றனர். செக்ரோலில் வெறும் வராத நாளாகக் குறித்த கட்டங்களுக்குள் இருந்த கோபம், வழக்குப் பதிவில்தான் குரலாக வெளிப்படுகிறது. ஆனால் அதை எழுதியவர் எதிர்த்தரப்பு என்பதை மறக்கக்கூடாது.

எந்தப் பேரேட்டிலும் ஏறாத கூட்டமும் இருந்தது. 1942–43இல் ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் கொண்டுபோனார்கள். கெடாவிலிருந்தும் போனார்கள். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் என்று வரிசையாகப் பொறித்திருக்கிறது. படைகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளருக்கு அப்படி எவரும் கணக்கு வைக்கவில்லை. எத்தனை தமிழர் இறந்தார்கள் என்பது இன்றும் மதிப்பீடாகவே நிற்கிறது.

லூனாஸ், கூலிம்: சொந்தப் பெயரில் ஒரு சீட்டு

சுங்கை பட்டாணிக்குத் தெற்கே பாடாங் செராய், லூனாஸ், கூலிம் என்று தோட்டப் பட்டணங்கள் தொடர்கின்றன. தோட்ட நிலங்கள் வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவரும் பகுதி இது. கூலிமின் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். வேலையும் வீடும் ஒருசேரப் போயின. அதற்கு விடையாக 1960இல் வீ.தி. சம்பந்தனின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு சேர்த்தார்கள். சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் இந்தப் பக்கத்து புக்கிட் சிடிம் தோட்டம். ஆவண வரலாற்றில் இது ஒரு திருப்பம். அதுவரை பால்வெட்டுக்காரர் பெயர் பிறர் கணக்கில் செலவுப் பத்தியில் இருந்தது. பங்குப் பதிவேட்டில் அது முதலாளியின் பத்திக்கு வந்தது.

அதே காலத்தில் இன்னொரு தாள் இல்லாமல் பலர் தவித்தார்கள். 1948இல் அவசரகாலத்தில் அடையாள அட்டை கட்டாயமானது. 1957இல் சுதந்திரம் வந்தபோது குடியுரிமைக்குப் பிறந்த இடம், தங்கிய காலம் ஆகியவற்றுக்குச் சான்று வேண்டியிருந்தது. தோட்டத்து லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைக்கு 'சூராட் பெரானாக்' என்ற பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட வீடுகள் ஏராளம். குடியுரிமை இல்லாதவருக்குரிய சிவப்பு அட்டையோடு நின்றவர்களுக்கு 1969க்குப் பிறகு வேலை உரிமம் தேவைப்பட்டது. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். ஆவணம் இல்லாத இந்தியர்களைப் பதிவுசெய்ய 2011இல் அரசே 'மைடஃப்தார்' என்ற இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. செக்ரோலில் முப்பது ஆண்டு புள்ளி விழுந்த ஒருவர், பிறப்புப் பதிவேட்டில் பிறக்காதவராக இருக்க முடியும்.

அலோர் ஸ்டார்: ஜாவி எழுத்தில் செட்டியார்

வடக்கே அலோர் ஸ்டார், நெல்வயல் சூழ்ந்த தலைநகரம். தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இங்கே உள்ளது. 1882 முதல் 1943 வரை ஆண்ட சுல்தான் அப்துல் ஹமீதின் கடிதத் தொகுதியை 2001இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கெடா நிர்வாகம் பிரிட்டிஷார் வந்த பிறகும் மலாய் மொழியில், ஜாவி எழுத்தில் நடந்த நிர்வாகம். எனவே தோட்டத்து ஆவணங்களை ஆங்கிலத்தில் படித்தவர் இங்கே மலாயில் தொடர வேண்டும்.

பெர்ப்பிஞான் உவமை முழுமையாகப் பொருந்துவது இந்த ஊரில்தான். நெல் விவசாயி கடன் வாங்கும்போது 'ஜுவால் ஜாஞ்சி' என்ற முறையில் பத்திரம் எழுதினார். நிலத்தை விற்றதாகவே பத்திரம் பேசும். குறித்த காலத்துக்குள் பணத்தைக் கொடுத்தால் மீட்டுக்கொள்ளலாம் என்ற வாக்கு அதில் சேரும். இந்த முறை தமிழ்நாட்டு ஒத்திக்கும் நிபந்தனைக் கிரயத்துக்கும் நெருங்கிய உறவு. செட்டியார் இத்தகைய பத்திரங்களில் கடன் கொடுத்தவராக மட்டுமே தோன்றுகிறார். மலாய்க்காரர் நிலம் கைமாறுகிறது என்ற கவலை 1930களின் தொடக்கத்தில் கெடாவில் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வரக் காரணமானவற்றுள் ஒன்று. பத்திரத்தின் ஒருபக்கப் பார்வை சட்டமாகவும் உருவெடுத்தது.

செட்டியாரின் மறுபக்கம் அவர் தமிழில் எழுதிய ஏட்டில் இருந்தது. கடையில் இருந்தவர் பெரும்பாலும் முதலாளி இல்லை. மூன்று ஆண்டுத் தவணைக்குச் சம்பளச் சீட்டு எழுதிக் கப்பலேறிய ஏஜெண்டு. பேரேடு எழுதி, ஐந்தொகை எடுத்துச் செட்டிநாட்டுக்கு அனுப்பினார். நடப்பு வட்டி எவ்வளவு என்பது கோயிலில் கூடி முடிவானது. வரவில் ஒரு பகுதி மகமையாக முருகனுக்குப் போனது. விவசாயியின் பத்திரத்தில் வட்டிக்காரர். தன் ஏட்டில் இன்னொருவருக்குக் கணக்குக் காட்டும் சம்பளக்காரர். இரண்டும் உண்மை. ஒன்றைமட்டும் படித்து எழுதிய வரலாறு பாதி வரலாறு.

இந்தச் சுற்றில் கண்டவற்றைச் சேர்த்துப் பார்த்தால் தீர்ப்பு ஒன்றுதான். சாமானியர் பெயரைக் காத்தது புகழ்மாலை எதுவும் அன்று. யாரோ ஒருவருடைய காசு சம்பந்தப்பட்ட கணக்கு. அந்தக் கணக்குகளில் அரசிடம் சேர்ந்தவை காப்பகத்தில் இருக்கின்றன. கம்பெனிகளிடம் இருந்தவை தோட்டம் கைமாறும்போதெல்லாம் எரிகின்றன அல்லது பழைய தாள் கடைக்குப் போகின்றன. எஞ்சியவை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலும், கோயில் அலமாரியிலும், தாத்தாவின் தகரப் பெட்டியிலும் கிடக்கின்றன. தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோகும் குடும்பம் முதலில் எறிவது அந்தப் பெட்டியைத்தான். எறிவதற்கு முன் அதிலுள்ள சம்பளச் சீட்டையும் சிவப்பு அட்டையையும் பங்குப் பத்திரத்தையும் படம் எடுத்து, தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் பின்னால் எழுதி, பக்கத்துப் பள்ளியிலோ காப்பகத்திலோ ஒரு படி கொடுத்துவைக்கலாம். அதற்கு ஒரு பிற்பகல் போதும்.